மணியக்காவின் பியட் கார்

கரட்டுப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறி ஓடியது. தறி இல்லாத ஒரே வீட்டின் முன்னால், வேப்பமரத்தடியில், வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு பியட் கார் நின்றது. அந்தக் காரை ஓட்டியவள் வசந்தாமணி, ஓட்டத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து போனவர் அவள் புருஷன், நூல் கடை நாச்சிமுத்து. அவருக்குப் பிறவியிலேயே கண் மங்கல் என்பதால் கார் வாங்கிய மாதமே அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள், ஊர் சிரித்தது, பிறகு சிரித்த ஊரே பிரசவ வலி எடுத்த பெண்களையும் பூச்சிமருந்து குடித்த ஆண்களையும் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடி வந்தது, அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாவியை எடுத்தாள், கார் ஒரு தடவைகூட வழியில் நிற்காமல் அவர்களை ஈரோட்டில் கொண்டு சேர்த்தது. பிழைத்து வந்தவர்கள் அவளை மணியக்கா என்று கூப்பிட்டார்கள். பிழைக்காதவர்களின் வீட்டாரும் அப்படியேதான் கூப்பிட்டார்கள், ஏனென்றால் காரின்மேல் யாராலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

மகன் சந்திரமோகன் ஓசூரில் வேலை பார்த்தான். போன் பண்ணும்போதெல்லாம் கார் பேச்சைத்தான் எடுப்பான்.

"அந்தக் காருக்கு என் வயசும்மா. ஏசி கிடையாது, பெல்ட் கிடையாது, ஸ்பேர் கிடைக்காது. ஷோரூம்ல சொல்லி வெச்சிருக்கேன், அதைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துட்டு வந்துருங்க."

"ஓடற காரை எதுக்குடா குடுக்கறது?"

"நின்னதுக்கப்புறம் குடுத்தா யாரு வாங்குவா?"

இந்தப் பேச்சு இரண்டு தீபாவளி தாண்டியும் ஓடியது. கடைசியில் நாச்சிமுத்துவின் கால்கள் வீங்கின, தாழ்ந்த சீட்டில் உட்காரவும் எழவும் அவர் முனகினார், அந்த முனகலைக் கேட்கப் பொறுக்காமல்தான் வசந்தாமணி சம்மதித்தாள். காரைக் கழுவினாள், டேஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் படத்தை மட்டும் பெயர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், ஒரு வியாழக்கிழமை காலை இருவரும் காரைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினார்கள்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது நாச்சிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மணி, என்னமோ பண்ணுது" என்றார். அவள் ஷோரூமுக்குத் திரும்பவில்லை. ஊர்க்காரர்களை எத்தனையோ தடவை கொண்டுபோன பெரிய ஆஸ்பத்திரிக்கே விட்டாள்.

டாக்டர் ஒரு இளவயசுப் பெண். கார்க் கதவு வழியாகக் குனிந்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தாள், நிமிர்ந்து, "முடிஞ்சிருச்சுங்கம்மா" என்றாள்.

"எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார் நாச்சிமுத்து.

டாக்டர் மறுபடி குனிந்தாள், குழலை இடம் மாற்றி மாற்றி வைத்தாள், துடிப்பு இல்லவே இல்லை, அவர் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "தண்ணி ரொம்பச் சூடா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். அவரை ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போட்டார்கள். உடம்பு முழுசாகக் காரைவிட்டு வெளியே வந்த கணத்தில் தலை தொங்கியது, வாய் திறந்துகொண்டது. வசந்தாமணி அலறிக்கொண்டு அவர் காலைக் கட்டிப் பிடித்து இழுத்ததில், பயந்துபோன வார்டுபாய்கள் பிடியை விட, அவர் பாதி உடம்பு காருக்குள் வர சீட்டின்மேலேயே சரிந்தார். சரிந்தவர், "ஏம்மணி, ஏன் அழுகறே?" என்றார்.

டாக்டர் குழலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் காத்திருந்தார்கள். "காரிலேயே வெச்சிருங்க. வலிக்கு மாத்திரை எழுதித் தரேன்" என்றாள்.

இப்படித்தான் நாச்சிமுத்து காரை விட்டு இறங்காமல் ஊர் திரும்பினார்.

அன்றைக்கு வந்து பார்க்காதவர் யாருமில்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் தறிக்குத் திரும்பினார்கள். காரைச் சுற்றி நாலு மூங்கில் நட்டு மேலே ஒரு தார்ப்பாய் கட்டினார்கள். முடி திருத்துபவர் வாரம் ஒருநாள் வந்து கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சவரம் செய்தார், ரோமம் வளர்வது நின்றுவிட்டது என்று தெரிந்த பின்பும், வழக்கத்தை விடக் கூடாதென்று வெறும் கத்தியை ஓட்டிவிட்டுப் போனார். ரேஷன் கடைக்காரர் கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார், குளிர்ந்த விரலை மிஷின் ஏற்கவில்லை, ஆள் பேசுவதைத் தன் கண்ணால் பார்த்ததால் வசந்தாமணியின் விரலை வைத்து அரிசியைப் போட்டுவிட்டார். மாரியம்மன் கோவில் திருவிழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு நெருங்கியபோதுதான் பெரிய தகராறு வந்தது: ஊருக்குள் பிணம் கிடக்கும்போது பூச்சாட்டலாமா என்று கிழக்கு வீதியும், அது பிணமா என்று மேற்கு வீதியும் கத்தின. கடைசியில் பூசாரியும் ஊர்ப்பெரியவர்களும் காரிடம் வந்து, "யாருங்க உள்ள?" என்று கேட்டார்கள். "நாச்சிமுத்துங்க, நூல் கடை" என்றது உள்ளிருந்து ஒரு குரல். பேர் சொல்கிறவனுக்குத் தீட்டு இல்லை என்று முடிவு செய்து, அன்றைக்கே பூச்சாட்டினார்கள்.

ஊரில் வேறு பரீட்சைகளும் நடந்தன. செத்துக்கொண்டிருந்த ஒரு கோழியைப் பின் சீட்டில் வைத்துப் பார்த்தார்கள், கண் விழித்தது. காரிலிருந்து கழற்றிய கைப்பிடியை அதன்மேல் வைத்துப் பார்த்தார்கள், தலை சாய்ந்தது. காரில் இருக்கும்வரைதான், கார் காராக இருக்கும்வரைதான் என்று எல்லோருக்கும் புரிந்தது. சாவு செல்லாத ஒரு இடம் ஊரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு வீட்டில் தாயாருக்கு இழுத்துக்கொண்டிருந்தது, பங்கு பிரிக்கவில்லை. மகன்கள் அவளைத் தூக்கி வந்து பின் சீட்டில் உட்காரவைத்து, பத்திரத்தில் ரேகை வாங்கி, வாங்கிய கையோடு இறக்கிக்கொண்டு போனார்கள். அவள் இறங்க மாட்டேன் என்று சீட்டின் ரெக்ஸினைப் பிடித்துக் கிழித்தாள். அன்று முதல் வசந்தாமணி பின் கதவுகளைப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள்.

ஆனாலும் சுகந்தியைக் கொண்டு வந்த அன்று அவளே பூட்டைத் திறந்தாள்.

சுகந்தி, தறி ஓட்டும் பூபதியின் மனைவி. வீட்டிலேயே பிரசவம் ஆகிவிட்டது, பெண் குழந்தை, குழந்தை வந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது. பூபதி மனைவியை வாரி எடுத்துக்கொண்டு, வீதி நெடுகச் சொட்டச் சொட்ட ஓடி வந்து, "அக்கா, கதவைத் திறங்க" என்றான்.

அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்தார்கள். அவள் கண் விழித்து, "கொழந்தை எங்கீங்க்கா?" என்றாள்.

ரத்தம் நிற்கவில்லை, ஆனால் தீர்ந்துபோகவும் இல்லை. வசந்தாமணி தினமும் காலையில் பழைய சேலைத்துணிகளை மாற்றிக் கொடுத்து, கறைபட்டதை வாங்கித் துவைத்துக் காயப்போட்டாள். பால் சுரந்தது. கார் ஜன்னல் வழியாகக் குழந்தையை உள்ளே கொடுத்து, குடித்து முடித்ததும் வெளியே வாங்கிக்கொண்டார்கள். தாரணி என்று பேர் வைத்தார்கள். முன் சீட்டில் சாக விரும்பிய ஒரு மனிதரும், பின் சீட்டில் சாகச் சம்மதிக்காத ஒரு பெண்ணும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

சாக விரும்பினார் என்றுதான் சொல்லவேண்டும். நாச்சிமுத்துவின் நெஞ்சுவலி அன்றைக்குப் பாலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது; கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாதங்கள் கறுத்தன. மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. அவர் வலியைக் கத்திச் சொல்கிறவர் இல்லை, பின்னால் குழந்தை பால் குடிக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொள்வார், அந்தப் பல் நெரியும் சத்தம் வசந்தாமணிக்குத் தறிச் சத்தத்தையும் மீறி அடுப்படிவரை கேட்டது.

"மணி" என்றார் ஒருநாள். "முதுகை நீட்டிப் படுக்கணும் போல இருக்குது. அவ்வளவுதான் வேணும்."

அவரைக் காரிலிருந்து இறக்கப்போவதாக அவள் மகனுக்குச் சொல்லி அனுப்பினாள். சந்திரமோகன் வந்தான். காரைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

"அப்பாவை நீங்களே கொல்லப் போறீங்களா?"

"நீதானடா இந்தக் காரைக் குடுத்துரச் சொன்னே?"

"அது வேற கார்ம்மா" என்றான் அவன். சொல்லிவிட்டுக் காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். உதவிக்குக் கை கொடுக்காமலே ஓசூருக்குப் பஸ் ஏறினான்.

மறுநாள் மதியம் கரண்ட் போய் ஊர் முழுக்கத் தறிகள் நின்றிருந்த நேரத்தில், வசந்தாமணி வீட்டிலிருந்த கயிற்றுக் கட்டிலை இழுத்து வந்து காரின் முன் கதவை ஒட்டிப் போட்டாள். பூபதி தோளைப் பிடித்தான், அவள் இடுப்பைப் பிடித்தாள், நாச்சிமுத்துவை மெல்லச் சாய்த்து, உடம்பைக் கட்டிலிலும் குதிகால்களைக் காருக்குள்ளும் வைத்தார்கள். முதுகு கட்டிலில் படிந்தபோது அவர் "அப்பாடா" என்று சொன்ன சொல் வீதிக் கடைசிவரை கேட்டது. வேப்பமரத்தை வெகுநேரம் பார்த்தார், அவர் கண்ணுக்கு அது பச்சையாக ஒரு மங்கல், அவ்வளவுதான். வசந்தாமணி தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்த முதல் வாடிக்கையாளர் யார் என்பதில் இருவருக்கும் சின்ன வாக்குவாதம் வந்தது, அவர் சொன்னதுதான் சரி என்று அவள் விட்டுக்கொடுத்தாள்.

"கரண்ட் வந்துரும்" என்றார் அவர். "அதுக்குள்ள போயிக்கறேன் மணி."

பிறகு யாரும் தொடாமல் தானே முழங்காலை மடக்கி, பாதங்களைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டார்.

பின் சீட்டில் சுகந்தி குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் மில்காரர் பரமசிவம் வந்துவிட்டார். ஊரில் பாதித் தறிகளுக்கு நூல் போடுகிறவர் அவர். அவருடைய அப்பா படுக்கையில் கிடந்தார். தனக்குப் பின்னால் ஒரு புத்தம்புதிய பெரிய காரை ஓட்டிவரச் சொல்லி, மாலை போட்டு, வசந்தாமணி வாசலில் நிறுத்தினார்.

"மாத்திக்கலாங்கம்மா" என்றார். "உங்க பையன் ஆசைப்பட்டதுக்கு மேலேயே இருக்குது. உங்களுக்கு இனி அந்தக் கார் எதுக்கு? அவியளும் போயிட்டாங்க."

"உள்ள ஒரு புள்ள இருக்குதுங்களே."

"அந்தப் புள்ள உங்களுக்கு என்ன சொந்தமா?"

வசந்தாமணி காரைத் திரும்பிப் பார்த்தாள். சொந்தமில்லைதான். "முன் சீட்டு காலியா இருக்குதுங்க" என்றாள். "உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அவிய உட்காரட்டும், நானே பாத்துக்கறேன். கார் மட்டும் இங்கிருந்து நகராது."

பரமசிவம் காருக்குள் எட்டிப் பார்த்தார். கறைபட்ட துணி மூட்டையையும், தறிக்காரன் பெண்டாட்டி காலை நீட்டி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார், வீதியில் போகிற வருகிறவர்களெல்லாம் ஜன்னலில் கையை ஊன்றி நின்று பேசுவதையும் பார்த்தார். அந்தச் சீட்டில் தன் அப்பாவை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாலை போட்ட கார் திரும்பிப் போனது. அடுத்த அமாவாசைக்குள் அவருடைய அப்பா மாடி அறையில், கதவு சாத்தியிருக்கும்போது இறந்தார். பூபதிக்கு நூல் வருவது நின்றது. அவன் பக்கத்து ஊருக்கு சைக்கிளில் போய்க் கூலிக்குத் தறி ஓட்டினான்.

தாரணி குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள். அதே நேரத்தில் காரும் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. என்ஜின் இன்னும் முதல் சாவிக்கே உறுமியது, ஆனால் இரவும் பகலும் ஈரத்துணியைச் சுமந்த தரை, சீட்டுக்கு அடியிலிருந்து துரு ஏறி உதிர்ந்தது. பட்டறை துரைசாமி கீழே படுத்துப் பார்த்துவிட்டு, பின்பக்கத் தரைக்குப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்தான். அன்று சாயங்காலம் சுகந்தி, "அக்கா, காலு மரத்துப்போச்சு" என்றாள். புதுத் தகரத்தின்மேல் ஊன்றியிருந்த பாதங்கள் பனிக்கட்டியாகக் குளிர்ந்து, நகங்கள் நீலம் பாரித்திருந்தன. மாற்றிய இடத்தில் கார் அவளைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அவள் காலை மேலே தூக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். பிறகு சீட்டின் ஸ்பிரிங் அறுந்தது. அதை மாற்றத் துணியாமல், இரண்டு சீட்டுகளுக்கும் இடையே உடம்பைக் காரைவிட்டு எடுக்காமல் நகர்த்தி நகர்த்தி, வசந்தாமணி அவளை முன்னால் கொண்டுவந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்தாள். அங்கே தரை இன்னும் பழைய தகரம்தான்.

"ஓட்டறியா?" என்றாள்.

சுகந்தி முதன்முதலாகச் சிரித்தாள்.

அந்தக் கோடையில் கரட்டுப்பாளையத்து ஜனங்கள் காலையில் வாசல் தெளிக்கும்போது, செத்துப்போயிருக்க வேண்டிய ஒருத்தி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பியட் காரை வீதி வீதியாக ஓட்டிப் போவதைப் பார்த்தார்கள், பக்கத்தில் வசந்தாமணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள், சுகந்தி ஹாரன் அடித்ததும் தறிக்கூடத்திலிருந்து தலையை நீட்டிக் கையாட்டினார்கள், கார் போன பின்னால் புழுதியில் விழுந்த சிவப்புச் சொட்டுகளின்மேல் சாணித் தண்ணீரைத் தெளித்தார்கள். சுகந்தி கோவில்வரை போவாள், குளத்துக் கரைவரை போவாள், அங்கே நிறுத்திவிட்டு, இறங்காமல், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். பூபதி வேலை முடிந்து வந்து பானெட்டில் உட்கார்ந்து அவள் எதிரில் சாப்பிடுவான். அவளுக்குப் பசி கிடையாது, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் அடித்துப் பெய்தது. துரைசாமி மறுபடி காருக்கு அடியில் படுத்து எழுந்தான். முன் தரையும் போய்விட்டது என்றான், குறுக்குச் சட்டம் பிடியில்லாமல் தொங்குகிறது, மாற்றாமல் விட்டால் ஒரு நாள் கார் இரண்டாகும், மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றான்.

"மாத்துனா அது வேற காருங்க்கா" என்றாள் சுகந்தி, உள்ளிருந்து.

"வேணும்னா கொஞ்சங் கொஞ்சமா..." என்று வசந்தாமணி ஆரம்பித்தாள்.

"வேண்டாங்க்கா. கால் போச்சுன்னா அப்புறம் கை. கை போச்சுன்னா இவளை எப்படித் தூக்கறது? தூக்க முடியாம உட்கார்ந்துட்டு இருந்தா, இவ என்னைப் பாத்துப் பயந்துக்குவா." பிறகு சொன்னாள்: "இவ பயப்படாம இருக்கும்போதே..."

வசந்தாமணி துரைசாமியைத் திருப்பி அனுப்பினாள். பூபதி மட்டும் பக்கத்து ஊர்களிலெல்லாம் பழைய பியட் தேடி அலைந்தான். ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் தரையைப் பெயர்த்துக் கொண்டுவந்தான். செத்துக்கொண்டிருந்த ஒரு கோழியை அதன்மேல் வைத்துப் பார்த்தார்கள், அது கண் விழிக்கவில்லை.

தாரணி அப்போது ஓடவே ஆரம்பித்திருந்தாள். பேச்சும் வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அம்மா என்றால் காருக்குள் இருப்பவள், மற்ற எல்லோரும் காருக்கு வெளியே இருப்பவர்கள். பக்கத்து வீட்டு வெள்ளாடு குட்டி போட்டிருந்தது. மழை விட்ட ஒரு காலையில் அவள் ஓடி வந்து, கார்க் கதவில் இரண்டு கையையும் வைத்து எம்பி எம்பி, "அம்மா, குட்டி! வா, எறங்கு வா!" என்றாள். தினமும் எதற்காவது அப்படிக் கூப்பிடுவாள்தான். தினமும் சுகந்தி, "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, சாமி" என்பாள்தான்.

அன்று சுகந்தி கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டாள். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வசந்தாமணியைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள், பூபதி வேலைக்குப் போய்விட்டிருந்தான், முந்தின நாள் இரவே அவனிடம் பேச வேண்டியதைப் பேசியிருந்தாள். கதவைத் திறந்து ஒரு காலை மண்ணில் வைத்தாள், மழையில் நனைந்த மண், இன்னொரு காலையும் வைத்தாள், ஒரு கையால் கார்க் கதவை உள்பக்கமாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வசந்தாமணியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் என்று ஒரு கணமும், தடுக்கத் தனக்கு என்ன உரிமை என்று ஒரு கணமும் அவளுக்குத் தோன்றியது, அந்த இரண்டு கணங்களும் போய்விட்டன.

தாரணி வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தாள். அம்மா இவ்வளவு உயரம் என்று அவளுக்குத் தெரியாது.

சுகந்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவைப் பிடித்த கை நீளும்வரைக்கும் நடந்தாள். அங்கிருந்தே எட்டி, பக்கத்து வீட்டு மண்திட்டுக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த குட்டியைப் பார்த்தாள். "கறுப்புக் குட்டி" என்றாள். "ஆமா, கறுப்புக் குட்டி" என்றாள் தாரணி. அப்புறம் சுகந்தி தரையில் உட்கார்ந்து, மகளை இழுத்து மடியில் வைத்து, உச்சியை முகர்ந்து, மற்றக் கையையும் அவளைச் சுற்றி அணைத்துக்கொள்வதற்காகக் கார்க் கதவை விட்டாள்.

வசந்தாமணி வந்து சேரும்போது குழந்தை அந்தக் கைகளுக்குள்ளிருந்து நெளிந்து வெளியே வந்துவிட்டிருந்தாள். கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள், அம்மா தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அவளால் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை. வெறுங்காலோடு சேற்றைத் தெறித்துக்கொண்டு வீதியில் ஓடினாள், ஒவ்வொரு வாசலிலும் நின்று, தறிச் சத்தத்துக்கு மேலாகக் கையைத் தட்டிக் கத்தினாள்:

"எங்கம்மா எறங்கிட்டா! எங்கம்மா எறங்கிட்டா!"

அவள் கத்திக்கொண்டு போன வழியில் கிழக்கு வீதியில் ஒரு தறி நின்றது, அடுத்த வீட்டில் நின்றது, அதற்கடுத்த வீட்டில் நின்றது.